அண்ணே, நீந்தாதீங்க

"அண்ணே, நீந்தாதீங்க. சும்மா கிடங்க."

ராமேஸ்வரம் தீவின் வடகரையில், நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அந்தத் தம்பி மூன்றாவது முறையாக இதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஏழு வயதில், வாழப்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காலி டின்னைக் கட்டி அப்பா தள்ளிவிட்ட நாளிலிருந்து நீந்துகிறேன். மோட்டார் ரூம் மேலிருந்து பல்டி அடிப்பேன். முங்கு நீச்சலில் ஒரே மூச்சில் கிணற்றைக் குறுக்கே கடந்து திரும்பியும் வருவேன். என்னைப் பார்த்து நீந்தாதே என்கிறான் பாம்பன்காரப் பையன். பத்தடி தள்ளி, வாழ்நாளில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றறியாத என் மனைவி, முகத்தைக் கடலுக்குள் கவிழ்த்துக்கொண்டு வாழைமட்டை மாதிரி மிதந்துகொண்டிருந்தாள்.

சேலத்திலிருந்து கடலுக்குக் கிளம்பும் குடும்பங்களில் என்னைப் போல ஓர் ஆள் கட்டாயம் இருப்பார். "எனக்கு நீச்சல் தெரியும், நீங்க பயப்படாதீங்க" என்று வண்டி ஏறும்போதே சொல்கிற ஆள். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில், மகளின் காலாண்டு விடுமுறைக்குக் கயாக் என்கிற ஒல்லிப் படகில் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டவன் என் மச்சினன். இரண்டு இடங்களுக்கு ஃபோன் போட்டோம். முதலில் பேசியவர் தேன் ஒழுகப் பேசினார். எந்த மாதமானாலும் வரலாம், காற்று மழை பற்றிக் கவலை வேண்டாம், ஆளில்லாத தீவிலேயே இறக்கிவிடுகிறோம் என்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று. என் மனைவிதான் தடுத்தாள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளும் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டன, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தாள். "அனுமதி இருக்கான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றார். அந்தப் பதிலோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது ஆள் தேன் ஒழுகவில்லை. கேள்வியாகக் கேட்டான். எத்தனை பேர், ஒவ்வொருவரும் எத்தனை கிலோ, யாருக்காவது இழுப்பு உண்டா, பிரஷர் உண்டா, யார் கண்ணாடி போடுகிறார்கள், என்ன பவர். கடைசியாக, "அண்ணே, உங்களுக்கு மீசை இருக்கா?"

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். மீசைக்கும், தண்ணீருக்குள் பார்க்கக் கண்ணையும் மூக்கையும் மூடிப் போடுகிற மாஸ்க்குக்கும் உள்ள பகையை அன்று யாராவது விளக்கியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மாதத்தையும் கேட்டான். செப்டம்பர் கடைசி என்றதும் கொஞ்சம் யோசித்தான். பாம்பன் பக்கத்துக்காரர்களுக்குக் கடல் இரண்டு. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் விரிகுடா பெண்கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் முரண்டு பிடிக்கும், பெண்கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை கிளம்பினால் கதை தலைகீழ். "கச்சான் இன்னும் ஓயலண்ணே. வடக்க எறங்கலாம். ஆனா காலைல ஆறு மணிக்குத் தண்ணில இருக்கணும், ஒம்பதுக்குக் கரை ஏறிரணும். காத்து தூக்கிருச்சுன்னா எறங்க மாட்டோம், பாதிப் பணம் திரும்பக் குடுத்துருவோம்." எந்த மாதத்துக்கு எந்தக் கடல் என்று சொல்லத் தெரிந்தவனிடம் பணத்தைக் கொடுக்கலாம் என்பது இப்போது என் கட்சி.

ஒத்திகை பார்க்கிறோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போனோம். ஏரியில் துடுப்புப் படகு ஓட்டினோம். உண்மையைச் சொன்னால் அதனால் கயாக்குக்குப் பெரிய பயன் இல்லை. அங்கே போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்பை இழுக்கிறோம், கயாக்கில் முகம் முன்னால். தெரிந்துகொண்டது ஒன்றுதான்: மச்சினனுக்கு வலது கையில் மட்டும்தான் பலம், அவன் துடுப்புப் போட்டால் படகு வட்டம் அடிக்கிறது. இன்னொரு சோதனையும் வைத்தோம். 20 கொண்டை ஊசி வளைவில் யாருக்குக் குமட்டுகிறது என்று பார்த்து, அவர்களுக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொள்வது. மகளுக்குக் குமட்டியது. மனைவிக்கு லேசாக. மச்சினன் கல் மாதிரி இருந்தான். வண்டியை ஓட்டியவனே அவன்தான், ஓட்டுகிறவனுக்குக் குமட்டாது என்பது எங்கள் நான்கு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடலில் அவன் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

மாஸ்க், வாயில் கவ்வி மூச்சுவிடும் குழாயான ஸ்நார்கல் இரண்டையும் ஊர்க் கிணற்றிலேயே பழகிவிட்டு வரச் சொல்லியிருந்தான் அந்தத் தம்பி. ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். இரண்டு மடக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது. "குழாய் இல்லாமலே நான் நீந்துவேன்" என்று கழற்றிப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் குதித்தேன். மகள் மட்டும் நான்கு நாள் பழகினாள்.

சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம். சுமார் 400 கிலோமீட்டர். இரவு பத்து மணிக்குக் கிளம்பி, வழியில் இரண்டு டீ, விடியும்போது பாம்பன். நேராகக் கடலில் இறங்குவதாகத்தான் எங்கள் திட்டம். தம்பி எங்கள் கண்களைப் பார்த்தான். "தூங்காத கண்ணோட வேணாம்ணே. நாளைக்கு எறங்குவோம்." கூடுதலாக ஒரு நாள் அறை வாடகை போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அன்று பகலெல்லாம் தூங்கினோம், சாயங்காலம் புதிய பாம்பன் பாலத்தைப் போய்ப் பார்த்தோம், சீக்கிரம் படுத்தோம். வாடகை போனது போனதுதான், ஆனால் மறுநாள் நடந்ததைப் பார்த்தால், தூக்கமில்லாத உடம்போடு அதற்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்குக் கரையில் நின்றோம். மணல் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கல். கறுத்து, ஓட்டை ஓட்டையாய், அரிவாள்மணை முனை மாதிரி. கையால் தடவிப் பார்த்தால் கோடு கோடாய், பூப்பூவாய் அச்சு. எப்போதோ கடலுக்குள் உயிரோடு இருந்த பவளம்தான் இப்போது கரையில் கல்லாகி நிற்கிறது என்றான். ரப்பர் செருப்போடு வந்திருந்த மச்சினனின் வலது செருப்பு முதல் அலையிலேயே போய்விட்டது. அடுத்த எட்டில் பாதத்தில் ஒரு கீறல். சின்னதுதான். ஆனால் பவளக் கீறலைச் சின்னது என்று விடக் கூடாது. அதன் துகள் உள்ளே தங்கிவிடும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி மருந்து போட்டும், ஊருக்கு வந்து டி.டி. ஊசி போட்டும், ஆற மூன்று வாரம் ஆயிற்று. பின்னால் வார் வைத்த செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போட்டு இறங்குங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, தம்பி ஒவ்வொருவரையும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கினான். ஜாக்கெட் காதுக்கு ஏறினால் வாரை இன்னும் இறுக்கு. அடுத்து என் மனைவியின் காலைப் பார்த்தான்.

"யக்கா, கொலுசக் கழட்டிருங்க. மினுமினுப்பப் பாத்தா சீலா மீனு இரைன்னு நெனச்சுக் கடிச்சுரும். நீந்தக் கால்ல போடுற ஃபின்னோட வாரும் அதுல மாட்டும்."

"கொலுசு வித்த காசுலதான் தம்பி இங்க வந்திருக்கோம்" என்றாள். நான் செய்து போட்ட கொலுசு. பதினெட்டு வருஷமாகக் கழற்றாத திருகாணி. உப்புக் காற்றில் நின்று ஊக்கால் நெம்பிக் கழற்றினேன். ஒரு சலங்கை தெறித்து மணலில் விழுந்து, அதைத் தேடவே பத்து நிமிஷம் போயிற்று. கொலுசு, மோதிரம், மெட்டி எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது என்பதைக் கொலுசுக்காரன் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலே உட்காரும் வகைக் கயாக், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். மனைவியோடு ஒரு பெரியவர், மகளோடு தம்பி. நீச்சல் தெரிந்த ஆண்பிள்ளைகள் என்று எங்கள் இருவரையும் ஒன்றாக விட்டார்கள். பின்னால் இருப்பவன்தான் திருப்ப வேண்டும், முன்னால் இருப்பவன் தாளம் போட வேண்டும். "கையால இழுக்காதீங்கண்ணே, தயிர் கடையிற மாதிரி. ஒரு கை இழுக்கையில ஒரு கை தள்ளணும், இடுப்பு திரும்பணும்." துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் என்னிடம் வா. படுக்கையாகத் தூக்கினால் அங்கேயே நில். கரையை ஒட்டி, பாறை விளிம்பிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் போக வேண்டும். இதை இரண்டு முறை சொன்னான்.

கரையோரம் தண்ணீர் அசையவே இல்லை. பனையும் உடைமரமும் அதில் தலைகீழாக நின்றன. நான்கு தயிர் கடைந்தோம், கயாக் அம்பாகப் பாய்ந்தது. "மாமா, நாம ரெண்டு பேரும் பொறந்ததே இதுக்குத்தான்" என்றான் மச்சினன். வளைந்து வளைந்து போகும் பாறைக் கரையை விட்டுக் கொஞ்சம் நேராகப் போனால் என்ன என்று தோன்றியது. போனோம். இன்னும் வேகமாகப் போனது. எங்கள் கைவண்ணம் என்று நினைத்துக்கொண்டோம்.

கச்சான் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. நாங்கள் இருந்தது தீவின் வடக்கில். அப்படியென்றால் காற்று எங்கள் முதுகுக்குப் பின்னால், நிலத்திலிருந்து கடலை நோக்கி. கரையோரத்தை மரங்கள் மறைப்பதால் அங்கே தண்ணீர் தூங்குகிறது. இருநூறு மீட்டர் தள்ளியதும் அந்த மறைப்பு தீர்ந்து காற்று கடலில் இறங்குகிறது. அலை நம்மிடமிருந்து விலகிப் போவதால் அதன் முதுகுதான் தெரியும், உயரம் தெரியாது. கடல் சாதுவாகவே தோன்றும். முகத்தில் அடிக்கிற காற்று பயமுறுத்தும், முதுகில் தட்டிக்கொடுக்கிற காற்று கூட்டிக்கொண்டு போய்விடும். ஏரி, கிணறு, அணை என்று வளர்ந்தவனுக்கு இது உறைப்பதே இல்லை. எங்கள் தண்ணீருக்கு நான்கு பக்கமும் கரை.

விசில் கேட்டுத் திரும்பினேன். தம்பியின் துடுப்பு செங்குத்தாக நின்றது, தீக்குச்சி அளவில். பனைமரங்கள் சீப்புப் பல்லாகியிருந்தன.

திருப்புவதற்கே மூச்சு வாங்கியது. மூக்கைக் கரைக்குக் காட்டினால் காற்று பக்கவாட்டில் தள்ளும், மச்சினனின் வலது கை மறுபக்கம் தள்ளும். பத்து நிமிஷம் கடைந்தும் அதே இடத்தில் இருப்பது போல் இருந்தது. உடனே என் கிணற்றுப் புத்தி வேலை செய்தது. "நான் குதிச்சு நீந்தியே இழுத்துட்டுப் போயிடறேன்டா" என்றேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையிலேயே ஒரு காலை வெளியே போட்டுவிட்டேன். அதற்குள் தம்பி மகளைப் பெரியவரின் கயாக்கில் ஏற்றிவிட்டு, தனியாக வந்து சேர்ந்தான். திட்டவில்லை.

"கால உள்ள போடுங்கண்ணே. என்ன ஆனாலும் கயாக்க விடக் கூடாது. ஆளு தலை தூரத்துக்குத் தெரியாது, கயாக்கு தெரியும். குனிஞ்சு உக்காந்து சின்னச் சின்னதா போடுங்க. அந்த ஒத்தப் பனையப் பாருங்க, அதுக்குப் பின்னாடி டவர். ரெண்டும் ஒரே நேர்ல இருக்கா? விலகுச்சுன்னா காத்து உங்கள இழுக்குதுன்னு அர்த்தம்."

பனையும் டவரும், பனையும் டவரும் என்று வந்தோம். போனது பதினைந்து நிமிஷம். திரும்பியது ஐம்பது நிமிஷம். பட்டறையில் காய்த்துப்போன கையிலேயே கொப்புளம். பாறை மறைவுக்குள் வந்து துடுப்பை நிறுத்தியதும் மச்சினன் பக்கவாட்டில் சாய்ந்து காலை டீயைக் கடலுக்குக் கொடுத்தான். கயாக் ஓடும்வரை ஒன்றுமில்லை, நின்று அலையில் ஆடத் தொடங்கும்போதுதான் குமட்டல் பிடிக்கும். பைக்குள் குனிந்து எதையும் தேடாதே, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார், முடிந்தால் துடுப்புப் போட்டுக்கொண்டே இரு என்றார் பெரியவர். மாத்திரை போடுவதென்றால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் கடலுக்குத்தான்.

அந்த நிலைமையில்தான் நான் ஸ்நார்கலோடு தண்ணீரில் இறங்கினேன்.

முதல் பகை மீசை. வார் இல்லாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் அது தானாக ஒட்டி நிற்க வேண்டும். மனைவிக்கும் மகளுக்கும் நின்றது. எனக்கு நிற்கவில்லை, மீசை மயிரின் இடுக்கில் காற்று நுழைந்தது. மீசையின் மேல் விளிம்பில் வாசலின் தடவிச் சமாளித்தோம், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொட்ட வேண்டியிருந்தது. மகளுக்கு அவள் பவருக்கு நெருக்கமான கண்ணாடி போட்ட மாஸ்க் வைத்திருந்தான். ஃபோனிலேயே பவர் கேட்டது அதற்குத்தான். தண்ணீருக்குள் எல்லாம் கிட்டத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்றான்.

இரண்டாவது பகை மூக்கு. இதை எங்கள் தொழில்காரர்கள் கவனிக்க வேண்டும். அப்பா காலத்தில் பற்றவைக்க ஊதுகுழல். கன்னத்தில் காற்றை வைத்துக்கொண்டு மூக்கால் இழுப்பார்கள், வாயால் ஊதுவார்கள், சுடர் அறுபடாது. நானும் சின்ன வயதில் அப்படித்தான் பழகினேன். வாயில் குழாயைக் கவ்வியதும் உடம்பு பழைய வேலைக்குப் போய்விட்டது. மூக்கால் இழுத்தேன். மூக்கு மாஸ்க்குக்குள் மூடியிருக்கிறது. மாஸ்க் முகத்தை உறிஞ்ச, விளிம்பில் தண்ணீர் நுழைய, நான் கை காலை உதைக்க, மூச்சு இரைக்க, எழுந்து நிற்க. மறுபடி. மறுபடி.

"அண்ணே, நீந்தாதீங்க."

கிணற்றில் கற்றதெல்லாம் இங்கே எனக்கு எதிராக நின்றது. கிணற்றில் தலையை மேலே வைத்து அடிக்க வேண்டும், மூச்சை அடக்க வேண்டும், விட்டால் மூழ்குவோம். இங்கே உப்புத் தண்ணீரும் ஜாக்கெட்டும் சேர்ந்து தாங்குகின்றன, தலையைக் கவிழ்த்தால்தான் குழாய் மேலே நிற்கும், மூச்சை அடக்கவே கூடாது. சின்னச் சின்னதாய் வேகமாக மூச்சுவிட்டால் விட்ட காற்றே குழாயில் தங்கி மறுபடி உள்ளே வரும், இன்னும் இரைக்கும். நீளமாக இழுத்து நீளமாக விட வேண்டும். குழாயில் தண்ணீர் புகுந்தால் 'டூ' என்று ஒரே ஊது. அது மட்டும் எனக்கு முதல் தடவையே வந்தது, ஊதுகுழலில் சாம்பல் அடைத்தால் ஊதுகிற அதே ஊது.

"பத்து மூச்சு எண்ணுங்க. அதுவரைக்கும் கை கால் அசையக் கூடாது" என்று என் ஜாக்கெட்டின் பின்வாரைப் பிடித்துக்கொண்டான். ஏழு வயதில் டின்னைப் பிடித்துக்கொண்ட அப்பாவின் கை மாதிரி இருந்தது. எட்டாவது மூச்சில் காது அமைதியாயிற்று. அதன் பிறகுதான் கீழே ஒரு கடல் இருப்பதே தெரிந்தது.

அதிசய உலகம் என்று எழுத மாட்டேன். ஆறடி ஆழம், மங்கலான பச்சை, பத்துப் பதினைந்து அடிக்கு மேல் தெரியாது. பாதிப் பவளம் செத்துப் பாசி மூடிக் கிடந்தது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தனக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2010-லும் 2016-லும் இந்தக் கடலில் பெரிய அளவில் அப்படி வெளுத்தது. ஓரிடத்தில் மேசை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு, சேர்வராயன் அடிவாரத்தில் வெட்டிக் குவித்திருக்கும் மேக்னசைட் கல் போலவே. அதைச் சுற்றி, உயிரோடிருந்த மூளைப் பவளத்தின் மேல், கிளி மீன்கள் கொத்துகிற சத்தம் நறுக் நறுக்கென்று காதில் விழுந்தது. மீன் மேய்கிற சத்தத்தை நான் கேட்டதே இல்லை. ஒரு கடல் அட்டை கிடந்தது. தொடாதீர்கள் என்று சைகை காட்டினான். அதைப் பிடிப்பது 2001-லிருந்து சட்டப்படி குற்றம், தொட்டு விளையாடுகிறவர்களால் அவனுக்கும் தொல்லை. பவளத்தின் மேல் நிற்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பயம் வந்தால் முதலில் கால்தான் கீழே தேடுகிறது. காலைத் தேடாமல் ஜாக்கெட்டை நம்பி மல்லாந்துவிட வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் ஐந்தாறு பெண்கள் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணாடி, விரலில் துணிச் சுற்று, இடுப்பில் பை. ஒருவருக்கு என் அம்மா வயது இருக்கும். மூச்சு எடுத்தார், கவிழ்ந்தார், போனார், வந்தார். நீர் தெறிக்கவே இல்லை. "எங்கம்மாவும் பாசிக்குப் போறவங்கதாண்ணே" என்றான் தம்பி. பிறகு நான் எதுவும் பேசவில்லை.

எட்டே முக்காலுக்குக் கரை. முழுக்கைச் சட்டை போட்டிருந்தோம், முதுகு தப்பியது. கவிழ்ந்து மிதந்ததில் முழங்காலுக்குப் பின்பக்கம் வெந்து, எனக்கும் மச்சினனுக்கும் இரண்டு நாள் உட்கார முடியவில்லை. லெக்கின்ஸ் போட்டிருந்த மனைவியும் மகளும் சௌகரியமாக மீன் குழம்பு சாப்பிட்டார்கள்.

ஊருக்கு வந்த அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனோம். மீசையை ட்ரிம் செய்திருந்தேன். மாஸ்க் போட்டுக் கிணற்றில் இறங்கி, கை காலை விட்டுவிட்டுக் கவிழ்ந்து கிடந்தேன். முப்பத்தைந்து வருஷமாக நீந்துகிற கிணற்றின் அடியை முதன்முதலாகப் பார்த்தேன். ஜிலேபி மீன்கள், ஒரு மோட்டார் பைப், சேற்றில் பாதி புதைந்த எவர்சில்வர் சொம்பு. மகளும் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தாள். இரண்டு பேரும் அசையவில்லை. பத்து மூச்சு எண்ணிக்கொண்டிருந்தோம்.

மாட்டுக்குத் தண்ணீர் எடுக்க வந்த அம்மா எட்டிப் பார்த்துப் போட்ட கூச்சலில், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் கயிற்றோடு ஓடி வந்துவிட்டார்கள்.